ஏழாவது வாக்கியத்தில் ‘மே’ இல்லை

மூன்று மாடி படியேறி வந்தவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. ஓடவும் செய்தது.

“லிஃப்ட் நல்லாத்தானே சார் இருக்கு?” என்று தண்ணீர் டம்ளரை நீட்டினான் ரேடியோ.

“தெரியும். அதைப் பரிசோதிச்சவனே நான்தான்.” வந்தவர் நாற்காலியில் சரிந்தார். “பதினோரு நாளா நான் எந்த லிஃப்ட்லயும் ஏறல. ஏற முகமில்ல.”

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஸ்விட்ச் போடாமலே பேசுகிறவன் என்பதால் உறவுக்காரர்கள் சேர்ந்து சூட்டியது. வயது முப்பத்தெட்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவன் வாயால் கெட்ட வேலைகள் மொத்தம் ஏழு. அண்ணன் மனைவி துப்பறியும் அலுவலகம் திறந்தபோது எட்டாவதாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் விபத்து மனுக்களைப் படித்தவள். ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுத்தால் போதும், பொய் எந்த வரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

“நிதானமா சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

“நிதானத்துக்கு நேரமில்லீங்க. இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் ஆய்வாளரா இருக்கேன். நான் பார்த்த ஒரு லிஃப்ட்கூட விழுந்ததில்ல.”

“இப்ப விழுந்திருக்கு போல.” இது ரேடியோ.

அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ தன் வால்யூமைக் குறைத்துக்கொண்டான்.

ஆய்வாளர் சொன்ன கதை இதுதான். போன மாதம் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டைச் சோதித்தார். லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் பட்டை தேய்ந்து சவமாகியிருந்தது. ‘லைனிங் தேய்ந்துவிட்டது, இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம், இன்றே லிஃப்ட்டை நிறுத்துங்கள்’ என்று கைப்பட ஆங்கிலத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். யாரும் நிறுத்தவில்லை. பதினோரு நாளைக்கு முன், ஐந்தாம் மாடியிலிருந்து ஓர் அம்மாளை ஏற்றிக்கொண்டு இறங்கிய லிஃப்ட் ஒன்றரை மாடி சறுக்கி, அந்தரத்தில் சிக்கி நின்றது.

“கணுக்கால் பிசகினதோட போச்சு. அந்தம்மா இடத்துல நாலு ஸ்கூல் பிள்ளைங்க நின்னிருந்தா? அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.” அவர் குரல் உடைந்தது. “நான் கைப்பட எழுதின தாளைக் காணோம். அறிக்கையை எடுத்துப் பார்த்தா நான் எழுதின ஒரு வரிகூட இல்ல. ஆனா கீழ என் கையெழுத்து.”

“போலிக் கையெழுத்தா?”

“இல்ல, என்னோடதுதான். நாங்க வெளியிலயே சுத்துறவங்க. அதனால வெறும் தாள்ல பத்துப் பத்தா முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவோம். மேல டைப் பண்ணிக்குவாங்க. அது ஆபீஸ் வழக்கம்.”

“படிக்காமக் கையெழுத்துப் போடறது கல்யாணத்துல மட்டும்தான்னு நினைச்சேன்,” என்றான் ரேடியோ.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா தம்பி?”

“வேணாம் அண்ணி. அவர் ஆமான்னு சொல்லிட்டா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கிடைக்காது.”

ஆய்வாளர் அறிக்கையின் நகலை நீட்டினார். ஒரே பக்கம், ஏழு வாக்கியங்கள். ரேடியோ வாங்கி, ஆங்கிலத்தை மனதுக்குள் படித்துத் தமிழில் வெளியே விட்டான்.

“‘பிரேக் லைனிங் சற்றே தேய்ந்திருக்கலாமோ என்று கருத இடமிருக்கக்கூடும்.’ சரி. ‘மிச்சமிருக்கும் தடிமன் ஒருவேளை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டராக இருக்கலாம் போல் தோன்றுகிறது.’ அப்புறம், ‘லிஃப்ட்டை நிறுத்துவது குறித்து யோசிக்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும்.’ அண்ணி, இது அறிக்கையா, பொண்ணு பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்ற பதிலா? வாக்கியத்துக்கு ரெண்டு ‘மே’, ஒரு ‘பெர்ஹாப்ஸ்’, தொட்டுக்க ஒரு ‘இட் அப்பியர்ஸ்’!”

“கடைசி வாக்கியத்தைப் படிங்க.”

“ஏழாவது... ‘தி ஃபிஃப்த் ஃப்ளோர் கேன்னாட் க்ளைம் ஸ்டேர்ஸ்.’ ஐந்தாம் மாடியால் படியேற முடியாது.” ரேடியோ தலையைச் சொறிந்தான். “மாடி எதுக்கு அண்ணி படியேறணும்? அது ஏற்கெனவே மேலதானே இருக்கு?”

“மாடியில குடியிருக்கறவங்களைச் சொல்றாங்க. இந்த வாக்கியத்துல எத்தனை ‘மே’?”

ரேடியோ எண்ணினான். எண்ண எதுவும் இல்லை. “ஒண்ணுகூட இல்ல.”

“சார், நீங்க அஞ்சாவது மாடி வீட்டுக்குப் போனீங்களா? அங்க இருக்கறவங்ககிட்ட பேசினீங்களா?”

“இல்லியே. மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போனேன், அளந்தேன், இறங்கிட்டேன். யார் குடியிருக்காங்கன்னே எனக்குத் தெரியாது.”

அண்ணி கைப்பையை எடுத்தாள். “கிளம்புங்க தம்பி. முதல்ல இவங்க ஆபீஸ்.”

*

லிஃப்ட் ஆய்வு நிறுவனம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான் ரேடியோ: ‘தள்ளினால் இக்கதவு திறக்கக்கூடும்.’ தள்ளினான். திறக்கவில்லை. இழுத்தான், திறந்தது.

“பொய் சொல்லல அண்ணி. ‘கூடும்’னுதான் போட்டிருக்காங்க.”

உள்ளே மூலையில் ஒரு பிளாஸ்க். அதன் மேல் ‘இதில் தேநீர் இருக்கலாம்’ என்று லேபிள். ரேடியோ கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டு வந்தது. கைகழுவும் இடத்தில் ‘தண்ணீர் வரும் என நம்பப்படுகிறது.’ சுவர் நடுவில் கதவளவு ஓர் அட்டை. அதில் ‘மே’, ‘மைட்’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘இட் அப்பியர்ஸ் தட்’ என்று நாற்பது ஐம்பது தயக்கச் சொற்கள் வரிசையாக நின்றன. அட்டையின் தலையில் கொட்டை எழுத்தில்: ‘ஒரு வாக்கியத்துக்கு ஒரு மே!’

“அதுவா?” என்றாள் தட்டச்சு செய்யும் பெண், விரலை நிறுத்தாமலே. “ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கட்டடக்காரர் எங்க மேல கேஸ் போட்டார். அறிக்கையில ‘ஆபத்து’ன்னு ஒரு வார்த்தை வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இருந்துச்சாம். மேலாளர் ஆடிப்போயிட்டார். ஒரு இங்கிலீஷ் வாத்தியாரை வெச்சு ரெண்டு சனிக்கிழமை க்ளாஸ் எடுத்தாங்க. அதுல இருந்து எல்லாருக்கும் ரத்தத்துலயே ‘மே’ ஓடுது. போன மாசம் லீவு லெட்டர்ல ‘எனக்குக் காய்ச்சல் இருக்கலாம்’னு எழுதிட்டேன். மேலாளர் கீழயே ‘அப்ப ஆபீஸுக்கும் வரலாம்’னு எழுதி அனுப்பிட்டார்.”

“வந்தீங்களா?”

“வந்திருக்கலாம்,” என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

அண்ணி அறிக்கையைக் காட்டினாள். “இதை நீங்க டைப் பண்ணினீங்களா?”

“வாரத்துக்கு நாற்பது டைப் பண்றேன். நான் டைப் பண்றவ மேடம், படிக்கிறவ இல்ல. முடிச்சதும் மேலாளர் கம்ப்யூட்டருக்குப் போயிடும். சில சமயம் இங்கிலீஷ் பார்க்க வாத்தியாருக்கும் போகும். கையெழுத்துப் போட்ட வெறும் தாளெல்லாம் மேலாளர் டிராயர்ல. சாவி அவர் பேனா ஸ்டாண்ட்ல.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“பிளாஸ்க் காலியா இருக்கறது தெரியற மாதிரி எல்லாருக்கும் தெரியும்.”

சுவரோர பெஞ்சில் ஒடிசலான ஒருவர் குடையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விசாரணைக்கு அழைக்கப்பட்டிருந்த ஆங்கில வாத்தியார் அவர்தான். ரேடியோ அண்ணியின் காதருகே குனிந்தான்.

“கேஸ் முடிஞ்சுது. அட்டையில இருக்கற சொல்லெல்லாம் அறிக்கையில இருக்கு. அட்டை யாரோடது? இவரோடது. கையும் களவுமா மாட்டினார். கிளம்பலாம்.”

அண்ணி அறிக்கையை வாத்தியாரிடம் கொடுத்தாள். அவர் இரண்டாவது வாக்கியம் வரை படித்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், கெட்டுப்போன பாலை முகர்ந்தவர் போல.

“தடிமனுக்கு ‘மே’யா?” என்று எழுந்தே விட்டார். “அளவுகோல் வெச்சு அளந்த ரெண்டு மில்லிமீட்டருக்கு ‘மே’யா? எந்தப் பாவி எழுதினது?”

“நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?” என்றான் ரேடியோ.

“தம்பி, தெரியாததுக்குத்தான் தயக்கம். கண்ணால பார்த்ததை, கையால அளந்ததை, ‘இருக்கு’ன்னு எழுதணும். அது தைரியம் இல்ல, கடமை. பிரேக் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? கடவுளுக்கே தெரியாது. அங்க போடு ‘மே’, தாராளமா போடு. இங்கிலீஷ்ல ‘மே’ போடறது மரியாதைக்கு இல்ல, தப்பிக்கறதுக்கும் இல்ல. ‘எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்’னு படிக்கிறவனுக்கு ஒளிக்காம சொல்றதுக்கு. நான் உப்புப் போடச் சொன்னேன். இவங்க உப்புல கொஞ்சம் அரிசியைப் போட்டுப் பொங்கிட்டாங்க!”

“இதைக் க்ளாஸ்ல சொன்னீங்களா?”

“ரெண்டாவது சனிக்கிழமை பூரா இதுதான் பாடம்.” அவர் பையிலிருந்து ஒரு நோட்டை உருவினார். “முதல் சனிக்கிழமை சொற்கள். வருகை பதினெட்டுப் பேர். ரெண்டாவது சனிக்கிழமை, எங்க போடணும், எங்க போடக் கூடாது. வருகை...” விரலை வைத்துக் காட்டினார். ஒரே ஒரு கையெழுத்து. ஆய்வாளருடையது.

“மத்த பதினேழு பேரு?”

“முதல் நாளே எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க.”

ரேடியோ தன் குற்றவாளி கண்ணெதிரே கரைந்து போவதைப் பார்த்து வருத்தப்பட்டான். அண்ணியோ வந்த வேலையில் பாதி முடிந்த திருப்தியோடு மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள்.

மேலாளர் பளிச்சென்று சவரம் செய்திருந்தார். சட்டை மட்டும் இரண்டு நாள் கசங்கல். பேனா ஸ்டாண்டில் பேனாக்களோடு ஒரு பல் துலக்கும் பிரஷ் நின்றது. பீரோவுக்குப் பின்னாலிருந்து பூப்போட்ட தலையணை ஒன்று எட்டிப் பார்த்தது.

“நீங்கதானே மேலாளர்?” என்றாள் அண்ணி.

“அப்படித்தான் பொதுவா கருதப்படுது.”

“இந்த அறிக்கை உங்க கைக்கு வந்துச்சா?”

“வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ரெண்டுக்கும் சாத்தியம் இருக்கறதா ஒரு பார்வை உண்டு.”

பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது என்று நினைக்கிறவர்களை ரேடியோ பார்த்திருக்கிறான். இவர் கம்பையே எடுக்காமல், ‘பாம்பு போல் ஏதோ தென்பட்டிருக்கலாம்’ என்று குறிப்பு எழுதுகிற ரகம்.

“மணி என்ன சார்?” என்று சோதித்தான் ரேடியோ.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணரை பக்கம் இருக்கும்னு நினைக்கிறேன்.”

“பார்த்துட்டுத்தானே சொல்றீங்க?”

“கடிகாரம் தப்பா ஓட வாய்ப்பிருக்கில்லையா?”

அண்ணி எழுந்தாள். வாசலில் நின்று தலையணையை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?”

மேலாளரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. “இருக்கக்கூடும்,” என்றார்.

*

ஐந்து மாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேடியோ விட்டால்தானே? “நாங்க விசாரணைக்கு வந்திருக்கோம், முக்கியமான ஆளுங்க, லிஃப்ட் ஓடாதுன்னு தெரியும், படியிலயே போயிக்கறோம், நீங்க உட்காருங்க” என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே தாண்டினான்.

முதல் மாடி வரை பேச்சு தெளிவாக வந்தது. மூன்றாவது மாடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்தது. நாலாவதில் ரேடியோ பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாய் மூடினான்.

“துப்பறியறது... மூளை வேலைன்னு... சொன்னீங்க அண்ணி. இது... முட்டி வேலை.”

ஐந்தாம் மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. இறங்கி வந்தார்கள்.

“வீடு பூட்டியிருக்குன்னு சொல்லத்தாங்க வந்தேன்,” என்றார் காவலாளி. “அண்ணாச்சி பேச விடல.”

அண்ணி ரேடியோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதுமான தண்டனையாக இருந்தது.

“அஞ்சாவது மாடியில யாரு இருக்காங்க?”

“ஒரு அம்மா, தனியா. மகனும் மருமகளும் வெளியூர். லிஃப்ட் சறுக்கினப்ப உள்ள இருந்தது அவங்கதான். ஏற்கெனவே முழங்கால் போனவங்க. வலது ஏதோ பரவாயில்ல, இடது சுத்தமா மடங்காது. இப்ப கணுக்காலும் பிசகிடுச்சு. சம்பந்தியம்மா வந்து கையோட தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. லிஃப்ட் ஓடற வரைக்கும் அங்கதான்.”

“எப்படிப்பட்டவங்க?”

காவலாளி மேலே பார்த்து, குரலைத் தாழ்த்தினார். பதினோரு நாளாக வீடு பூட்டியிருந்தும் தாழ்த்தினார். “தங்கமான மனசுங்க. ஆனா வாய் இருக்கே! நான் கேட்டை எப்படித் திறக்கணும்னு அஞ்சாவது மாடியில இருந்தே சொல்லிக்கொடுப்பாங்க. பதினோரு நாளா இந்தக் கட்டடத்துல நாங்க தப்பு தப்பா கேட்டைத் திறந்துக்கிட்டு நிம்மதியா இருக்கோம்.”

“இதுக்கு முன்னாடி லிஃப்ட் நின்னிருக்கா?”

“போன வருஷம் மூணு நாள். அப்பவும் சம்பந்தி வீட்லதான் இருந்தாங்க.”

அண்ணி சிரித்தாள். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்,” என்றான் ரேடியோ.

“பீரோவுக்குப் பின்னாடி தலையணை பார்த்தீங்களா தம்பி?”

“பார்த்தேன். பூப்போட்டது. அதுக்கென்ன?”

“வீடு இருக்கற மனுஷன் எதுக்கு ஆபீஸ்ல தலையணை வெச்சிருக்கான்?”

ரேடியோ யோசித்தான். யோசிக்கும்போது அவன் பேசுவதில்லை. இன்று அது இரண்டாவது முறை.

*

நாலு மணிக்கு ஆய்வு நிறுவனத்துக்கு விசாரணை அதிகாரி வந்தார். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவர். மேலாளரிடம் பத்து நிமிடம் வாக்குமூலம் கேட்டதில் அதிகாரிக்குப் பாதி உயிர் போயிருந்தது.

“...ஆகவே ஆய்வாளர் சற்றே கவனக்குறைவாக இருந்திருக்கலாமோ என்று கருத இடமுண்டு,” என்று முடித்தார் மேலாளர். “வாத்தியாரோட பயிற்சியும் ஓரளவு காரணமாக அமைந்திருக்கக்கூடும்.”

வாத்தியார் குடையை இறுக்கிப் பிடித்தார். ஆய்வாளர் தலை நிமிரவில்லை. மேஜை மேல் அவருடைய லைசென்ஸ் அட்டை கிடந்தது. அதன் மேலே அதிகாரியின் கை இருந்தது.

“வேற யாராவது பேசணுமா?” என்றார் அதிகாரி.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.” அண்ணி எழுந்தாள். மேலாளர் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு விசேஷம் விசாரிப்பது போல் கேட்டாள். “பாவம், அந்த லிஃப்ட்ல இருந்த அம்மாவுக்கு வலது முழங்கால்தானே ரொம்ப மோசம்?”

“இடது!” என்றார் மேலாளர். “வலதுக்கு ஒண்ணுமில்ல. எண்ணெய், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் இடதுக்குத்தான். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. தண்ணி கொஞ்சம் சூடு குறைஞ்சாலும்...”

அவர் நின்றார். அறையே நின்றது. தட்டச்சுப் பெண்ணின் விரல்கள்கூட நின்றன. அந்த அலுவலகத்தில் அது அதுவரை நடக்காத ஒன்று.

“இதுல ஒரு ‘இருக்கலாம்’கூட வரலியே சார்?” என்றான் ரேடியோ.

அண்ணி அறிக்கையை அதிகாரி முன்னால் வைத்தாள். “இதுல ஏழு வாக்கியம். ஆறுல வழவழன்னு தயக்கம். லிஃப்ட்டை நிறுத்தாம இருக்கக் காரணம் சொல்ற ஏழாவதுல மட்டும் தயக்கமே இல்ல, ‘ஐந்தாம் மாடியால் படியேற முடியாது’. எழுதினவருக்குப் பிரேக்கைப் பத்தி உறுதியா எதுவும் சொல்ல மனசில்ல. ஆனா அந்தம்மா முழங்காலைப் பத்தி அவருக்குச் சந்தேகமே இல்ல. ஆய்வாளர் அந்தம்மாவைப் பார்த்ததே கிடையாது. வாத்தியாரும் இல்ல, டைப் பண்ற பொண்ணும் இல்ல. முழங்கால் வலி எப்ப தெரியும்? கூடவே ஒரே வீட்ல இருந்தாத் தெரியும். எத்தனை ‘மே’ போட்டு மூடினாலும், நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் நம்மள அறியாம நேரா வந்து விழுந்துடும்.”

“அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?” என்று மேலாளரைக் கேட்டார் அதிகாரி.

மேலாளரின் பார்வை சுவரிலிருந்த அட்டைக்குப் போனது. நாற்பது ஐம்பது சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

“சம்பந்தி,” என்றார். “என் பொண்ணோட மாமியார்.”

அப்புறம் மடை திறந்தது. “போன வருஷம் லிஃப்ட் மூணு நாள் நின்னுச்சு சார். சொந்தத்துல தரைத் தளத்துல வீடு இருக்கறது எனக்கு ஒருத்தனுக்குத்தான்னு என் வீட்டுக்கு வந்தாங்க. மூணே நாள். பீரோ இடம் மாறிடுச்சு. என் சாய்வு நாற்காலி பால்கனிக்குப் போயிடுச்சு. நான் டீயை உறிஞ்சற சத்தத்தைப் பத்தி என் பொண்ணுக்கு போன்ல புகார் போயிடுச்சு. சம்பந்தி வீட்டம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியுமா? பொண்ணு வாழப்போன இடமாச்சே! மறுபடி லிஃப்ட்டை நிறுத்தணும்னு அறிக்கையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரெண்டு ‘மே’ போட்டேன். பத்தலன்னு தோணிச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன். பிரேக் எப்படியும் ரெண்டு மாசம் தாங்கும், அதுக்குள்ள மெதுவா மாத்திக்கலாம்னு...”

“தாங்கும்னு?” ஆய்வாளர் எழுந்து நின்றார். பதினோரு நாளாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. “தாங்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? அங்கதான் சார் நீங்க ‘மே’ போட்டிருக்கணும்! நான் அளந்து எழுதினதைச் சந்தேகமா மாத்துனீங்க. யாருக்குமே தெரியாததை உறுதின்னு நம்புனீங்க. உள்ள குழந்தைங்க இருந்திருந்தா, பெத்தவங்ககிட்ட போய் எந்தச் சொல்லைப் போட்டுச் சொல்லியிருப்பீங்க?”

யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் தள்ளினார். “எழுதிக் கொடுங்க.”

அவர் எழுத ஆரம்பித்தார். வாத்தியார் மெதுவாக நடந்து போய்த் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். “‘ஐ மே ஹாவ் சேஞ்ச்ட்’டா? மாத்தினீங்களா இல்லையா?”

“மாத்தினேன்.”

“அப்ப அந்த ‘மே’யை அடிங்க.” அடித்தார். “ரெண்டாவது சனிக்கிழமை வந்திருக்கலாம் நீங்க,” என்று பெருமூச்சு விட்டார் வாத்தியார்.

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். “உங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்,” என்றார். “படலாம் இல்ல. படும். இனிமே வெறும் தாள்ல யாரும் கையெழுத்துப் போடவும் கூடாது.” பிறகு லைசென்ஸ் அட்டையை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினார். “அந்த லிஃப்ட் சரியாகறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?”

ஆய்வாளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். “புது பிரேக் வெளியூர்ல இருந்து வரணும். நாலு வாரம் ஆகலாம். அது என் கையில இல்ல, அதனால ‘ஆகலாம்’. வந்த பிறகு பூட்டி, எடை ஏத்தி, சோதிக்க ரெண்டு வாரம். அது என் வேலை. ரெண்டு வாரம்தான்.”

வாத்தியார் கைக்குட்டையை எடுத்தார். இந்தமுறை கண்ணைத் துடைக்க. “பதினெட்டுப் பேர்ல ஒருத்தன்!” என்றார்.

“ஆறு வாரமா?” மேலாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “கொஞ்சம் முன்னப்பின்ன... ரெண்டு வாரத்துலகூட முடிய வாய்ப்பிருக்குன்னு...”

“ஆறுக்குக் குறையாது.”

அப்போது மேலாளரின் போன் அடித்தது. எடுத்தார். அவர் மனைவியின் குரல் அறை முழுவதற்கும் கேட்டது. “ஏங்க, மூணு நாளா ஆபீஸ்ல அப்படி என்ன வேலை? சம்பந்தியம்மா கேக்கறாங்க, இன்னிக்காவது வருவீங்களா மாட்டீங்களா? ஒத்தடத்துக்கு வெந்நீர் வெக்கணுமாம். என் கைப்பக்குவம் சரியில்லையாம், நீங்கதான் வேணுமாம்.”

மேலாளர் சுவர் அட்டையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

“வரேன்,” என்றார்.

*

வெளியே தாழ்வாரத்தில் லிஃப்ட் காத்திருந்தது. பழக்கத்தில் ஆய்வாளரின் கால்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. ரேடியோவின் முழங்கால்கள் அதைப் பார்த்து அழுதன.

“சார், இன்னிக்குப் பத்து மாடி ஏறி இறங்கிட்டேன்,” என்றான். “ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த லிஃப்ட் பத்திரமா?”

ஆய்வாளர் திரும்பி வந்தார். கதவோரம் பதித்திருந்த சிறு தகட்டில் தன் பெயரையும் தேதியையும் பார்த்தார். கட்டைவிரலால் தகட்டைத் துடைத்தார். அண்ணி அவசரப்படுத்தவில்லை.

“போன மாசம் நானே அளந்தேன்,” என்றார். “பத்திரம்.”

சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே ஏறி, பொத்தானை அழுத்தினார்.